வட்டகொடை ஊர்தானா?

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகிற கோச்சி தலவாக்கலையை விட்டுக் கிளம்பினால் அடுத்த ஸ்டேசன் வட்டகொடை. அதற்கடுத்தது கிரேட் வெஸ்டர்ன். சுற்றுலா வருகிறவர்கள் கிரேட் வெஸ்டர்ன் மலையைப் பார்த்துத்தான் கேமராவைத் தூக்குவார்கள். வட்டகொடையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்துத் தோட்டத்துச் சனம். இன்றைக்கு அவர்கள் இறங்குகிற இடத்தின் கதை.

ஒரு ஸ்டேசன், கொஞ்சம் கடைகள், தலவாக்கலையையும் பூண்டுலோயாவையும் இணைக்கிற பாதை, சுற்றிலும் தோட்டங்கள். இதில் எது வட்டகொடை என்று கேட்டால் ஒரே பதில் வராது. கடைவீதிக்காரர் ஒன்று சொல்வார், வட்டகொடைத் தோட்டத்துக்காரர் வேறொன்று சொல்வார். யொக்ஸ்போர்ட் தோட்டத்துக்காரரும் மடக்கொம்பரைத் தோட்டத்துக்காரரும் வெளியூரில் "நம்ம ஊர் வட்டகொடை" என்பார்கள். வட்டகொடைக்கு வந்துவிட்டால் தோட்டத்துப் பெயரைத்தான் சொல்வார்கள். யொக்ஸ்போர்ட் என்பது இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் இருக்கிற ஒரு சின்னக் கிராமத்தின் பெயர். அங்கே அது கிராமம். இங்கே தோட்டம். இந்த வித்தியாசத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

கீழே கொத்மலைப் பள்ளத்தாக்கு மிகப் பழைய குடியிருப்பு. துட்டகைமுனு மன்னன் அங்கே ஒளிந்திருந்தான் என்று கதை உண்டு. வயலும் விகாரையும் உண்டு. மேலே, இன்று தேயிலை நிற்கிற சரிவுகள் அப்போது பெரும்பாலும் காடு. கண்டி இராச்சியம் 1815இல் விழுந்தது. 1840இல் வெள்ளைக்காரன் ஒரு காணிச் சட்டம் கொண்டுவந்தான்: உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் அரசுக்குச் சொந்தம். அப்படி எடுத்த நிலம் துரைமாருக்கு மலிவாக விற்கப்பட்டது. முதலில் கோப்பி. 1869இல் கோப்பி இலையில் ஒரு பூஞ்சண நோய் தென்பட்டது. பதினைந்து, இருபது வருடத்தில் கோப்பித் தொழிலே படுத்துவிட்டது. அந்த இடத்தில் தேயிலை ஏறியது.

தேயிலைக்கு இந்த உயரம் வாய்த்தது ஒரு அதிர்ஷ்டம். தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர், நானுஓயா 1,600க்கும் மேல். வட்டகொடை நடுவில். 1,200 மீட்டருக்கு மேல் விளைவதைத்தான் உயர்நிலத் தேயிலை என்பார்கள். மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை இந்தச் சரிவில் அறைகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை காய்ந்த குளிர்காற்று. கொழுந்து மெதுவாக வரும், வாசம் கூடும். திம்புள என்று பெயர்பெற்ற இந்தப் பகுதித் தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கிற பருவம் அதுதான்.

இனி ரயில்பாதை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நாவலப்பிட்டிக்கு 1874இலேயே பாதை வந்துவிட்டது. ஹட்டனுக்கு வர 1884 ஆயிற்று, நானுஓயாவுக்கு 1885. மலையில் பல்சக்கரம் வைத்த பாதை போடவில்லை. சாதாரணத் தண்டவாளம், அதுவும் ஐந்தரை அடி அகலப் பாதை. நீராவி எஞ்சின் வழுக்காமல் ஏற வேண்டும் என்பதால் ஏற்றத்தை 44க்கு 1 என்று கட்டுப்படுத்தினார்கள். தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு 400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். 44ஆல் பெருக்கிப் பாருங்கள்: பதினேழு கிலோமீட்டருக்குக் குறையாமல் பாதை வேண்டும். நேராகப் போனால் அவ்வளவு தூரமே கிடையாது. அதனால்தான் பாதை ஒவ்வொரு மலை மடிப்புக்குள்ளும் நுழைந்து வளைந்து வருகிறது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் நம் கோச்சியின் தலைப்பெட்டி எதிர்ச் சரிவில் போவது தெரியும். அப்படி வளைந்து வந்த பாதையில் வைத்த ஸ்டேசன்தான் வட்டகொடை. அரிசி மேலே வந்தது, தேயிலைப் பெட்டி கீழே போனது. ஸ்டேசனை ஒட்டிக் கடைவீதி.

அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்கள் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துச் சனம். கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் மன்னாரில் கரையேறிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்கு ஒழுங்கான கணக்கே இல்லை. 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியது. பிறகு வந்தவர்களுக்கு மண்டபம் தங்கல் முகாம், கப்பல், கோச்சி, கடைசியில் லயம் என்கிற வரிசை வீடு.

அதே 1914 செப்டம்பரில் மடக்கொம்பரைத் தோட்டத்தில் ஒரு பிள்ளை பிறந்தது: சி.வி. வேலுப்பிள்ளை. பெரட்டு என்கிற காலை ஆட்கணக்கு, கங்காணி, கொழுந்துக்கூடை, தப்புச் சத்தம் எல்லாம் பார்த்தும் கேட்டும் வளர்ந்தவர். ஆங்கிலத்தில் அவர் எழுதிய நெடுங்கவிதை தமிழில் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று வந்தது. 'வீடற்றவன்', 'இனிப்படமாட்டேன்' அவருடைய நாவல்கள். தோட்டத்துச் சனத்தின் வாய்ப்பாட்டுகளைத் தேடித் திரட்டியவரும் அவர்தான். என்னைக் கேட்டால், அந்தத் திரட்டுக்காகவே அவருக்கு இந்த மலையில் ஒரு சிலை வைக்கலாம்.

1947இல் சுதந்திரத்துக்கு முந்திய தேர்தல். தோட்டத்துச் சனத்தின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். தலவாக்கலைத் தொகுதிக்கு சி.வி. வேலுப்பிள்ளை. அவருக்கு வாக்குப் போட்ட சனத்துக்கு அடுத்த வருடமே பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. சனம் அதே லயத்தில் இருந்தது, அதே கொழுந்தை எடுத்தது. வாக்காளர் இடாப்பில் மட்டும் பெயர் இல்லை.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இந்தச் சனத்தைப் பங்கிட ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். கோச்சியில் ஏறித் தலைமன்னார் போனவர்கள் பலர் நீலகிரியில் மறுபடி கொழுந்தெடுக்கப் போனார்கள். இங்கே மிஞ்சியவர்களின் பிரஜாவுரிமைச் சிக்கல் தீர 2003 வரை ஆனது.

இப்போது அந்தக் கிராமம், தோட்டம் விஷயம். 1987இல் வந்த பிரதேச சபைச் சட்டம் கிராமத்துக்குப் பாதை போடலாம், விளக்குப் போடலாம் என்றது. தோட்டம் அதற்குள் வரவில்லை. பிரதேச சபைக்கு வாக்குப் போட்ட தோட்டத்து மனுசருக்கு அதே சபையால் ஒரு கல்வேர்ட் கட்டித்தர முடியவில்லை! 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதோடு முடியவில்லை. பல தோட்டங்களில் வீட்டு இலக்கம், தெருப் பெயர் ஒன்றும் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் லயத்துக்கு வரும். வங்கிக் கடிதமோ பல்கலைக்கழகக் கடிதமோ பிந்தினால் யாரைக் கேட்பது?

லயம் நிற்கிற நிலத்தின் கணக்கு இது. 1970களில் அரசு தோட்டங்களை எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் கொடுத்தது. பிறகு அது 1992இலிருந்து கணக்கிடுகிற 53 வருடக் குத்தகையாயிற்று. பெரும்பாலான லயங்களுக்கு அடியில் இருக்கிற மண்ணும் அந்தக் குத்தகைக்குள் அடக்கம். குத்தகை முடிகிற வருடம் 2045.