புறநகரில் மனை தேடும் தோழர்களுக்கு

(ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நான் போனஸைப் பற்றியோ பஞ்சப்படியைப் பற்றியோ பேசப் போவதில்லை. சங்க ஆபீசுக்கு வருகிற தோழர்கள் பலர் சமீப காலமாக வேறொரு கேள்வி கேட்கிறார்கள். "பி.எப். பணம் கொஞ்சம் கைக்கு வந்திருக்கிறது. ஊரிலிருந்த துண்டு நிலத்தை விற்ற காசும் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு மனை வாங்கிப் பிள்ளைகளை வளர்க்கலாமென்று பார்க்கிறோம். எந்தப் பக்கம் போகலாம், தோழர்?" என்கிறார்கள்.

இது அவரவர் சொந்த விஷயம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். அது சரியல்ல. இருபது, முப்பது வருஷ உழைப்பு ஒரே ஒரு கையெழுத்தில் கைமாறுகிற காரியம் இது. அதைப் பற்றிச் சங்கம் பேசாவிட்டால் மனைத் தரகர்தான் பேசுவார். அவர் பேச்சு இனிக்கத்தான் செய்யும்.

குடியிருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமது வர்க்கத்துக்கு எப்போது இருந்தது? பக்கிங்காம் - கர்நாடிக் ஆலை ஓடிய காலத்தில், ஆலைச் சங்கு காதில் விழும் தூரம்தான் தொழிலாளியின் ஊர். பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்பு, வியாசர்பாடி எல்லாம் அப்படி நிரம்பிய பேட்டைகள்தான். 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் அந்தச் சந்துகளுக்கு நடுவில்தான். சாக்கடையும் கொசுவும் இருந்தது வாஸ்தவம். ஆனால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் அது அடுத்த வீட்டுக்குத் தெரியும். 1996ல் ஆலை மூடப்பட்டது.

கிராமத்து விவசாயத் தொழிலாளியின் நிலைமை இதைவிட மோசம். அவன் குடிசை போட்டிருந்த மண்ணே மிராசுதாருடையது. அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டால், "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்பான் பண்ணையார். செங்கொடியின் கீழ் எத்தனையோ கிளர்ச்சிகள் நடந்த பிறகுதான், 1971ல், குடியிருப்பு மனையைக் குடியிருப்பவனுக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. இப்படி வந்தவர்கள் நாம். இப்போதுதான் முதன்முதலாக, கையில் கொஞ்சம் காசோடு, "எங்கே குடியிருப்பது?" என்று நாமே கேட்கிறோம். ஆகவே நிதானமாகக் கேட்போம்.

முதலில் மண். தரகர் எப்போதும் கோடையில்தான் கூட்டிப் போவார். வேன் வைப்பார், மத்தியானம் பிரியாணி போடுவார். கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்த மனை வெயிலில் பளபளவென்றிருக்கும். அது ஏரியின் வயிறு என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஊர்ப் பெயரைக் கவனியுங்கள். தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஏந்தல் என்றாலும் ஏரிதான். முகப்பேரில் ஒரு பகுதிக்கு இன்றும் "ஏரித் திட்டம்" என்றே பெயர். வீட்டு வசதி வாரியமே ஏரியில் மனை போட்டதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். இது புதிய பழக்கமுமல்ல. பணக்காரர்கள் துணி எடுக்கும் தியாகராய நகரே 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பியதுதான். ஆனால் அங்கே வடிகாலும் சாலையும் சர்க்கார் செலவில் வந்தன. நமக்கு விற்கும் ஏரியில் வடிகால் வராது, தண்ணீர் மட்டும் வரும்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். ஏற்கெனவே ஊர் ஏரிகளின் வெள்ளம் அடையாற்றில் புரண்டு கொண்டிருந்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் கீழ்த்தளம் முழுகி, ஜனங்களைப் படகில் ஏற்ற வேண்டியதாயிற்று. அவர்களில் எத்தனை பேர் கடன் வாங்கி மனை வாங்கியவர்கள்! கட்டில், பீரோ, பிள்ளைகளின் சர்ட்டிபிகேட் எல்லாம் போயின. கடன் மட்டும் போகவில்லை.

அடுத்தது தூரம். இதற்குக் கண்ணகி நகரைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு முதல், சென்னை நகருக்குள்ளிருந்த குடிசைவாசிகளைப் பெயர்த்துக் கொண்டுபோய்த் துரைப்பாக்கத்துக்கு அருகில் குவித்தார்கள். பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டிடங்கள். சிமெண்டு வீடு, கக்கூஸ், மின்விளக்கு எல்லாம் உண்டு; நான் மறுக்கவில்லை. ஆனால் மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் வீட்டு வேலை செய்த பெண்கள் எத்தனை மணிக்குப் பஸ் பிடிப்பது? காலை ஆறு மணிக்குப் பாத்திரம் தேய்க்கப் போக வேண்டியவள், இருபது கிலோமீட்டர் தாண்டி எப்படிப் போவாள்? பலர் வேலையை விட்டார்கள். படிப்பாண்டின் நடுவில் பெயர்க்கப்பட்ட பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள். வீடு கொடுத்த சர்க்கார் பிழைப்பைப் பறித்துக்கொண்டது. அவர்களையாவது கட்டாயமாக ஏற்றிக் கொண்டுபோனார்கள். நாம் காசு கொடுத்து அதே தண்டனையை வாங்கிக்கொள்ள வேண்டுமா?

ஆகவே கணக்குப் போடுங்கள். ஷிப்டு முடிந்து இரவு பதினோரு மணிக்கு வெளியே வந்தால் பஸ் உண்டா? 2021ல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையென்று ஆக்கினார்கள், நல்ல காரியம். ஆனால் பஸ்ஸே வராத நகருக்கு இலவசத்தால் என்ன பிரயோஜனம்? ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் எட்டாம் வகுப்பு வரை பள்ளி என்று கல்வி உரிமைச் சட்ட விதிகள் சொல்கின்றன. அந்தப் பள்ளி இருக்கிறதா, அல்லது இங்கிலீஷ் பெயர்ப் பலகை மாட்டிய தனியார் பள்ளிதான் இருக்கிறதா? பிரசவ வலி எடுத்தால் அரசு ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்? இதையெல்லாம் வீட்டிலுள்ள பெண்களிடம் கேளுங்கள். மனை பார்க்க ஆண்கள் மட்டும் வேனில் ஏறிப் போவது எனக்குப் பிடிக்கவே இல்லை.

மூன்றாவது விஷயத்தைக் கூச்சப்படாமல் பேச வேண்டும். "நல்ல ஜனங்கள் இருக்கும் ஏரியா" என்று தரகர் காதோடு சொல்வாரே, அதற்கு என்ன அர்த்தம்? ஜாதிதான் அர்த்தம். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலையில், வசதி படைத்தவர் வீட்டு உயர்ந்த மதில், மழையில் நனைந்து, பக்கத்திலிருந்த ஆதிதிராவிடர் வீடுகள்மீது விழுந்தது. உறக்கத்திலிருந்த 17 பேர் மாண்டார்கள். உத்தப்புரத்தில் 1989ல் எழுந்த சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2008 மே மாதம் வரை போராட வேண்டியிருந்தது. தோழர்களே, அப்படிப்பட்ட சுவரின் நல்ல பக்கத்தில் இடம் கிடைக்கிறதென்று சந்தோஷப்பட்டுச் சங்க உறுப்பினன் மனை வாங்கினால், அவன் சந்தாச் சீட்டு வெறும் காகிதம். பிள்ளை யாரோடு கோலி விளையாடி வளர்கிறது என்பதுதான் பேட்டை.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது" என்ற பேச்சை நம்பாதீர்கள். சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண்ணைக் கேளுங்கள். 2016 செப்டம்பரில் ஹைகோர்ட் தடை போட்ட பிறகுதான் அங்கீகாரமற்ற மனைகளின் வண்டவாளம் வெளியே வந்தது. 2017ல் வந்த ஒழுங்குபடுத்தும் விதிகளும் 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளைக் கருதிப் போட்டவைதான். நீர்நிலையில் உள்ள மனைக்கு அந்தத் தயவும் கிடையாது. பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம் மூன்றையும் பாருங்கள். புறம்போக்கா என்று கிராமக் கணக்கில் பார்த்துச் சொல்லக் கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கு பொது இடமாக விட்டாக வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டும்போதே தரகர் முகம் மாறினால், அந்த இடத்திலும் கல் நட்டாகிவிட்டது என்று அறியலாம்.

"இதெல்லாம் பார்த்தால் நம் காசுக்கு மனையே கிடைக்காதே" என்று பின்வரிசையில் ஒரு தோழர் சொல்கிறார். சரியான பேச்சு. நல்ல மண் நமக்கு எட்டாத விலையில் இருக்கிறது. ஏனென்றால் நிலம் லாபவேட்டைக்காரர்கள் கையில் இருக்கிறது. ஆலைக்கும் பஸ் டெப்போவுக்கும் அருகில், நகருக்குள்ளேயே தொழிலாளிக்கு வாடகை வீடு கட்டிக் கொடு என்று சர்க்காரிடம் கேட்பது நமது கோரிக்கை, அதை விடக்கூடாது. அதுவரை, என்னைக் கேட்டால், வருஷா வருஷம் முழுகும் சொந்த மனையைவிட, வேலைக்கும் பள்ளிக்கும் நடந்து போகிற தூரத்தில் ஒரு வாடகை வீடு மேல். வாங்கியே தீருவதென்றால் தனியாகப் போகாதீர்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து போங்கள். தெருக் குழாய்க்கும் தெரு விளக்குக்கும் மனுக் கொடுக்க ஒரு வீட்டால் முடியாது.

போகிற நாளும் கோடையில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில், இரண்டு நாள் மழை பெய்து விட்ட மறுநாள், டவுன் பஸ் ஏறிப் போங்கள். குழாயடியில் நிற்கும் அம்மாவிடம், "அக்கா, போன வருஷம் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். அவர் சுவரில் கறை படிந்த இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுவார். அதைப் பார்த்துவிட்டு வந்து அட்வான்ஸைப் பற்றிப் பேசுவோம்.