அடுத்து நிற்பவர் யார்?



அமெரிக்க பேஸ்பாலில் அடுத்து ஆடப்போகிறவர் மட்டையோடு ஓரமாகக் காத்து நிற்பார். அவரைப் பார்த்தே பவுலர் மிரளுவார் என்பது பழைய நம்பிக்கை. 1961-ல் ரோஜர் மாரிஸ் 61 ஹோம் ரன் அடித்தார். அந்த சீசன் முழுக்க, ‘இவருக்குப் பந்து போடவே வேண்டாம்’ என்று யாரும் வேண்டுமென்றே அவரை முதல் தளத்துக்கு சும்மா அனுப்பவில்லை. பெரும்பாலும் அவருக்குப் பின்னால் நின்றவர் மிக்கி மேன்டில் ஆயிற்றே!

பின்னாளில் புள்ளிவிவரக்காரர்கள் பல சீசன்களை அலசினார்கள். வலுவானவர் காத்து நின்றால் இப்படி சும்மா அனுப்புவது குறைகிறது, அது நிஜம். ஆனால், ஆடுகிறவரின் அடி ஒன்றும் பெரிதாகக் கூடிவிடவில்லை.

தம்பிகளா, எஞ்சினீயராக நான் சொல்வது இதுதான்: நம்பிக்கையில் எந்தப் பாதி உண்மை என்று எண்ணித்தான் பார்க்கணும். பின்னால் பலசாலி நின்றால் வாய்ப்பு வரும். அடிக்க வேண்டியது நாம்தான்.