இடைவேளையில் எழுதப்படும் கணக்கு: மாநாட்டுத் தலைமை உரை

 

இந்த இரண்டு நாளும் நாம் பேசப்போவது ஒரு கேள்வியைச் சுற்றித்தான். இறகுப்பந்து ஆடும் ஒருவரின் உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது? நெடுந்தூர ஓட்டக்காரரைப் பற்றி இதைக் கேட்டால் சிக்கல் குறைவு. அவர் ஒரே வேகத்தில் ஓடுகிறார். சில நிமிடங்களில் அவர் உள்ளிழுக்கும் ஆக்சிஜன் ஒரு நிலைக்கு வந்துவிடுகிறது. ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய 5 கிலோகலோரி என்று பெருக்கினால் விடை வந்துவிடும். ஷட்டில் ஆட்டத்தில் அந்த நிலை வருவதே இல்லை. நான்கு அடி பாய்ச்சல், ஒரு எம்பல், ஒரு ஸ்மாஷ், வலையோரம் ஒரு காலை நீட்டி ஊன்றி உடம்பை நிறுத்தல், அதோடு புள்ளி முடிந்துவிடும். பிறகு வியர்வையைத் துடைத்து, இறகைச் சரிபார்த்து, அடுத்த சர்வீஸுக்கு நிற்கிறார்கள்.

2017 உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் உங்கள் நினைவில் இருக்கும். கிளாஸ்கோவில் பி.வி. சிந்துவும் ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவும் 110 நிமிடம் ஆடினார்கள். இரண்டாவது ஆட்டத்தின் முடிவில் 73 அடிகள் நீண்ட ஒரு ராலி. ஆனால் ஒற்றையர் ஆட்டத்தில் ஷட்டில் காற்றில் இருக்கும் நேரம் பொதுவாக மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். மற்றதெல்லாம் நிற்பதும் நடப்பதும் மூச்சு வாங்குவதும். அந்த இரண்டு பங்கை வெறும் ஓய்வு என்று ஒதுக்கிவிட்டால் கணக்கு தவறிப்போகும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

ஏன் என்று பார்ப்போம். ராலி தொடங்கியதும் தசைக்குத் தேவையான ஆற்றல் அந்த நொடியே வேண்டும். ஆக்சிஜன் வழியாக வரும் ஆற்றல் அத்தனை விரைவாக எழும்பாது. அது பாதி எழும்புவதற்கே பல நொடிகள் ஆகும். அந்த நேரத்தைச் சமாளிப்பது தசையில் சேமித்து வைத்திருக்கும் பாஸ்போகிரியேட்டின். ராலி முடிந்ததும் அந்தச் சேமிப்பை மீண்டும் நிரப்புகிறது ஆக்சிஜன். ஆக, ராலியில் செய்த செலவு ராலியில் பதிவாவதில்லை. அடுத்து வரும் இடைவேளையில் பதிவாகிறது. ராலியின் நொடிகளை மட்டும் வெட்டியெடுத்து ஆக்சிஜனை அளந்தால் செலவு குறைவாகத் தெரியும். இடைவேளையை மட்டும் பார்த்தால், சும்மா நிற்பவர் ஏன் இவ்வளவு மூச்சு வாங்குகிறார் என்று தோன்றும். இரண்டையும் சேர்த்து, முழுச் சுற்றாக எடுத்தால்தான் கணக்கு நேராகும்.

இதன் வேரை 1960-இல் ஸ்டாக்ஹோமில் ஆஸ்ட்ராண்ட் குழுவினர் காட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரே அளவு கடும் உழைப்பு. அதை அரை நிமிடத் துண்டுகளாகப் பிரித்து நடுநடுவே ஓய்வு கொடுத்தபோது இரத்தத்தில் லாக்டேட் அதிகம் ஏறவில்லை. மூன்று நிமிடத் துண்டுகளாக்கியபோது அதே உழைப்பு ஆளையே சாய்த்துவிட்டது. மொத்த வேலை ஒன்று, உடம்பு உணர்ந்தது வேறு. இடைவிட்டு ஆடும் ஆட்டங்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் திரும்பிப் போவது அந்த ஆய்வுக்குத்தான்.

மூச்சை அளந்து உழைப்பை அறியும் வழி பழையது. 1790-ஐ ஒட்டி பாரிஸில் லவாய்சியர் தம் உதவியாளர் செகாங்கின் முகத்தில் முகமூடி மாட்டி, அவர் ஓய்வில் இருக்கும்போதும் உழைக்கும்போதும் மூச்சை அளந்தார். அந்தக் காட்சியை வரைந்தவர் லவாய்சியரின் மனைவி மரி-ஆன். ஓரத்தில் மேசையருகே அமர்ந்து குறிப்பெடுக்கும் பெண்ணாகத் தம்மையும் அந்தப் படத்தில் அவர் வரைந்திருக்கிறார். 1911-இல் டக்ளஸ் பை வந்தது. விட்ட மூச்சையெல்லாம் ஒரு பையில் பிடித்துவைத்து அளக்கும் முறை அது. மூச்சின் அளவை ஆற்றல் செலவாக மாற்ற 1949-இல் வெயர் தந்த சமன்பாடு இன்றும் நம் கருவிகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் ஆய்வு மாணவராக இருந்தபோது என் கையில் இருந்ததும் டக்ளஸ் பைதான். பதினேழு வயதுப் பெண் ஒருவரின் முகத்தில் வாய்க்குழாயை மாட்டி, முதுகில் பையைக் கட்டி, ஆடச் சொன்னேன். பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "மேடம், இது முகத்துல இருந்தா கீழ வர்ற டிராப் கண்ணுக்கே தெரியல. குனிஞ்சு குனிஞ்சுதான் பாக்க வேண்டியிருக்கு." அன்று நான் அளந்தது ஆட்டத்தை அல்ல; குழாய் மாட்டிய ஒருவர் தட்டுத் தடுமாறியதை. இன்று கருவிகள் சின்னதாகி, மார்பில் கட்டிக்கொண்டு ஓடும் அளவுக்கு வந்துவிட்டன. ஆனாலும் முகமூடி முகமூடிதான். அது ஆட்டத்தை எவ்வளவு மாற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்லாத ஆய்வுக் கட்டுரையை நான் பாதிக் கட்டுரை என்றே கருதுவேன்.

முகமூடியைத் தவிர்க்கப் பலரும் நாடுவது இதயத் துடிப்பை. ட்ரெட்மில்லில் துடிப்பையும் ஆக்சிஜனையும் சேர்த்து அளந்து ஒரு கோடு வரைகிறோம். பிறகு ஆட்டக்களத்தில் துடிப்பை மட்டும் எடுத்து, கோட்டின் வழியே ஆக்சிஜனைக் கண்டுபிடிக்கிறோம். 2007-இல் ஃபௌடே குழுவினர் ஜெர்மனியில் சர்வதேசத் தரவரிசை ஆட்டக்காரர்களிடம் இரண்டையும் நேராக அளந்தார்கள். துடிப்பு உச்சத்தில் 89 சதவீதம். ஆக்சிஜன் உச்சத்தில் 73 சதவீதம். லாக்டேட் லிட்டருக்கு வெறும் 1.9 மில்லிமோல். வழக்கமான மாற்றுக் கோட்டில் 89 என்ற துடிப்பு ஆக்சிஜனில் 80-ஐ ஒட்டிய எண்ணைத் தரும். அதாவது துடிப்பு மிகைப்படுத்திச் சொல்கிறது. ராலி முடிந்த பின்னும் இதயம் உடனே இறங்குவதில்லை. 19-19 என்று நிற்கும்போது ஏறும் படபடப்புக்கு ஆக்சிஜன் செலவு கிடையாது.

நம் ஊரில் இந்த மிகை இன்னும் கூடுதல். ஷட்டில் காற்றில் விலகும் என்பதற்காக அரங்கின் ஜன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆடுகிறோம். சென்னையின் மே மாதத்தில் அந்த அரங்கு எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தோலுக்கு இரத்தம் போக வேண்டும், வியர்வையில் நீர் போகிறது. செலவு கூடாமலேயே துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. குளிரூட்டிய ஆய்வகத்தில் வரைந்த கோட்டை அந்த அரங்குக்குள் கொண்டுபோனால் அது பொய் சொல்லும்.

கைக்கடிகாரக் கருவிகளைப் பற்றி அதிகம் பேசமாட்டேன். மட்டை பிடிக்கும் கையில் கட்டினால் ஒரு எண், மறு கையில் கட்டினால் வேறு எண். வலையோரம் பாய்ந்து தொடையால் உடம்பை நிறுத்தும் உழைப்பை அவை காண்பதே இல்லை. இரட்டைக் குறியீட்டு நீர் முறை நம்பகமானது. ஆனால் அது ஒன்றிரண்டு வாரத்தின் மொத்தச் செலவைத்தான் சொல்லும். அதில் ஆட்டத்தின் பங்கைப் பிரித்துக் காட்டாது.

இந்த எண்களை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விளையாட்டு விடுதியின் சமையலறைக்கு உணவுக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். உடல் உழைப்புகளின் ஆற்றல் அட்டவணையில் போட்டி இறகுப்பந்துக்கு 7 மெட் என்று இருந்தது. ஒரு மெட் என்பது ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒரு கிலோகலோரி. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு மணிக்கு 385. அதையே எழுதிக் கொடுத்தேன். ஃபௌடே குழுவினர் அளந்த ஆக்சிஜன், நிமிடத்துக்குக் கிலோவுக்கு 40 மில்லிலிட்டரை ஒட்டியது. அதே எடைக்கு அது மணிக்கு 660 ஆகிறது. இரண்டு மணி நேரக் கடும் ஆட்டத்தில் 550 கிலோகலோரி வித்தியாசம். அட்டவணை பொதுமக்களுக்காகத் தொகுக்கப்பட்டது. அதை மாநில அளவில் ஆடும் பிள்ளைகளின் தட்டுக்கு அளவுகோலாக வைத்தது என் பிழை.

அந்தப் பிழை எங்கே போய் நிற்கும் தெரியுமா? ஆட்டச் செலவு போக உடலின் மற்ற வேலைகளுக்கு மிஞ்சும் ஆற்றல், கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 45 கிலோகலோரி இருப்பது நலம். 30-க்குக் கீழே போனால் ஹார்மோன்கள் குலைகின்றன. கொழுப்பு நீங்கிய எடை 43 கிலோ உள்ள பெண்ணுக்கு அந்த 550-ஐக் கழித்துப் பாருங்கள். 45-இல் இருக்கிறார் என்று நாம் நம்பியவர் 32-இல் நிற்கிறார். அந்த விடுதியில் ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு பல மாதங்களாக நின்றிருந்தது. உடம்பு இலகுவாகிவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிறகு கால் எலும்பில் அழுத்த முறிவு. அந்தப் பெண் மீண்டும் களத்துக்கு வரவில்லை. அவர் தட்டின் கணக்கில் என் கையெழுத்து இருந்தது. அதை மறந்துவிட்டு இந்த நாற்காலியில் உட்கார எனக்கு உரிமையில்லை.

அதே வேளையில் 660-ஐத் தூக்கிக்கொண்டுபோய்ப் புதிதாக மட்டை பிடித்த பத்து வயதுச் சிறுவனுக்கும் வைத்துவிடக் கூடாது. உலகத்தர ஆட்டக்காரரின் எண் அவருடையது மட்டுமே. நம் பிள்ளைகளை, நம் அரங்குகளில், நம் வெக்கையில் நாம்தான் அளக்க வேண்டும். தஞ்சை மண்ணில் வளர்ந்த பூப்பந்தையும் விட்டுவிடாதீர்கள். கம்பளி நூல் பந்து, பக்கத்துக்கு ஐவர், திறந்தவெளிக் களம். அங்கே ஓய்வின் நீளமே வேறு. இறகுப்பந்தின் எண்ணை அதற்கு ஒட்டவைக்க முடியாது.

கட்டுரை வாசிக்கும் நண்பர்களிடம் உரிமையோடு சில வேண்டுகோள். ராலி எத்தனை நொடி, ஓய்வு எத்தனை நொடி என்பதைச் சராசரிக்கு முன்னால் சொல்லுங்கள். அரங்கின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் எழுதுங்கள். துடிப்பிலிருந்து கணக்கிட்ட எண்ணை அளந்த எண் என்று சொல்லாதீர்கள். பெண்களை அளந்தீர்களா என்பதைத் தலைப்பிலேயே தெரியப்படுத்துங்கள்.

மாலை 4 மணிக்கு உள்ளரங்கில் நான்கு ஆட்டக்காரர்கள் முகமூடி அணிந்து ஆட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. ஜன்னல்கள் அடைத்திருக்கும், மின்விசிறி ஓடாது. அமர்வுகளை முடித்துக்கொண்டு எல்லோரும் வந்து அந்த அரங்கின் ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். இப்போது முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைத்து, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.