வாய் திறந்தால்தான் வரும் ஆங்கிலம்

  

'இடைநிலை ஆங்கிலத் தேர்வில் வெற்றி தருவது மாதிரி வினாத்தாளா, பேச்சுப் பழக்கமா?' இதுதான் கேள்வி. எனக்கு முன்னால் பேசிய நண்பர், "முப்பது மாதிரித்தாளைப் போட்டுப் பாருங்கள், தேர்வு தானாக வசப்படும்" என்று அடித்துப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நல்ல பேச்சு. ஒரே ஒரு குறை, அதுவும் மனப்பாடம்! (சிரிப்பு)

கேம்பிரிட்ஜ் நடத்துகிற 'பி1 பிரிலிமினரி' தேர்வையே எடுத்துக்கொள்கிறேன். முன்பு 'பெட்' என்பார்கள். படிப்பதற்கு 45 நிமிடம், எழுதுவதற்கு 45 நிமிடம், கேட்பதற்குச் சுமார் அரைமணி. பேசுவதற்கு? இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் வெறும் 12 நிமிடம். ஆனால் நாலுக்கும் சம மதிப்பெண்! எதிரணி நண்பரே, கணக்குப் போடுங்க. கேட்பதும் பேசுவதும் சேர்ந்தால் பாதி மதிப்பெண். காதையும் வாயையும் பூட்டி வச்சுட்டு, முப்பது தாளை வைத்து என்ன செய்யப்போறீங்க? (கைதட்டல்)

இந்தக் கேம்பிரிட்ஜ்காரர்கள் அயல்மொழிக்காரர்களுக்கு முதன்முதலாக ஆங்கிலத் தேர்வு வைத்தது 1913இல். அது இதைவிடக் கடினமான, உயர்நிலைத் தேர்வு. 12 மணி நேரம். எழுத வந்தவர்கள் மூணே பேர். மூணு பேரும் பெயில்! (சிரிப்பு) மொழிபெயர்ப்பு, கட்டுரை, இலக்கணம் எல்லாம் இருந்த அந்தத் தேர்விலேயே உரையாடலும் ஒரு பகுதி. அன்றைக்கே வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறான்!

கேட்பதை வள்ளுவர் எங்கே வைத்தார்? 'கல்வி'க்கு ஓர் அதிகாரம் எழுதியவர் அதோடு விடவில்லை. 'கேள்வி'க்குத் தனி அதிகாரம் எழுதினார். நம்ம பிள்ளைக்கு அது ரொம்பத் தேவை. ஏன்னா, ஆங்கிலத்தில் பை, பின்பக்கம், மூட்டை கட்டு, இந்த மூணையும் தமிழில் எழுதிப் பாருங்க. மூணும் 'பேக்'! (சிரிப்பு) கண்ணால் பிரிக்க முடியாது, காதுதான் பிரிக்கணும். தேர்வில் ஒவ்வொரு ஒலிப்பதிவையும் இரண்டு முறை போடுகிறார்கள். பழகின காதுக்கு அது தாராளம்.

எழுத்துத்தாளுக்கு வருகிறேன். நண்பர் ஒருவருடைய மின்னஞ்சல் இருக்கும். பக்கத்திலே நாலு குறிப்பு. நாலுக்கும் பதில் சொல்லிச் சுமார் 100 சொல்லில் எழுதணும். நம்மாள் 'என் விடுமுறை'ன்னு உருப்போட்டதை அப்படியே இறக்குவான். அழகான ஆங்கிலம்தான். ஆனா அந்த நண்பர் கேட்டது என்ன? "உன் வீட்டுக்கு வரும்போது என்ன வாங்கிட்டு வரட்டும்?" (சிரிப்பு) கேட்டதற்குப் பதில் இல்லையென்றால் மதிப்பெண் குறையும். மாதிரித்தாளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேரத்தைப் பங்கிட அது உதவும். அதற்கு நாலைந்து தாள் போதும்.

எங்கள் தெருவில் ஒரு பெண். நண்பர் சொன்னாரே முப்பது, அதையும் தாண்டி எழுதியவள். பேச்சுத் தேர்வில் எதிரே இரண்டு தேர்வாளர்கள். ஒருவர் பேசுவார், இன்னொருவர் பேசாமல் மதிப்பெண் போடுவார். படங்களைக் காட்டி, "நீங்கள் இரண்டு பேரும் கலந்து பேசுங்கள்" என்றார்கள். பக்கத்துப் பையன், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டான். இவள் "யெஸ்" என்றாள். அவன் மறுபடி கேட்டான். மறுபடியும் "யெஸ்". பாஸாக 140 வேண்டும். எட்டவில்லை. கட்டணம் போனதுகூடப் பெரிதில்லைங்க. "எனக்கு இங்கிலீஷே வராது"ன்னு அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிட்டது. அப்பா இன்னும் பத்துத் தாள் வாங்கி வந்தார். தொடவேயில்லை.

அவளை மாற்றியது யார் தெரியுமா? பத்தாவதோடு படிப்பை நிறுத்திய அவள் அம்மா. தினமும் சமையற்கட்டில், கையில் காய்கறி நறுக்கிக்கொண்டே, சுவரில் தொங்குகிற காலண்டர் படத்தைக் காட்டி, "இதில் என்னடி இருக்கு, சொல்லு" என்பார். மகள் ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லணும். தேர்விலேயும் அதேதான், ஒரு படம், ஒரு நிமிடம். "அம்மா, உனக்குத்தான் புரியாதே!" என்றாள் மகள். அம்மா சொன்னார்: "இங்கிலீஷ் புரியாதுடி. நீ எங்கே பயந்து நிற்கிறேன்னு புரியும். அங்கே நிற்காமே சொல்லு." (நீண்ட கைதட்டல்)

வெள்ளைக்காரன் மாதிரி நாக்கைச் சுழற்ற வேண்டாங்க. சொல்வது புரிகிறதா என்றுதான் தேர்வாளர் பார்க்கிறார். மதுரை வாடை வந்தாலும் குற்றமில்லை. சொல் மறந்துபோனால் வேறு சொல்லில் சுற்றிச் சொல்லலாம். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்கவும் வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு. இதையெல்லாம் எந்தத் தாள் சொல்லித் தரும்? தாள் திருப்பிக் கேள்வி கேட்குமா?

அந்தப் பெண் அடுத்த முறை 140ஐத் தாண்டிவிட்டாள். அம்மாவும் இப்போது காலண்டரைப் பார்த்து 'மேன்', 'ட்ரீ', 'கவ்' என்று ஆரம்பித்திருக்கிறார். அப்பாதான் இன்னும் மாதிரித்தாள் வாங்கிக்கொண்டிருக்கிறார். நடுவர் அவர்களே, அவர் எதிரணிப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். (பலத்த சிரிப்பு)