வேரிடுக்கில் வாழும் மரகதத் தும்பி

சான்றோர் நிறைந்த இந்த அவையின் முன் வைக்கப்படும் கருத்து எளியது: ஆற்றுத் தும்பி சிறகு விரித்துப் பறப்பது சில வாரங்களே, அதன் வாழ்வின் ஏனைய ஆண்டுகள் நீருக்கடியில் கழிவதால், அதைக் காக்கும் முயற்சியும் அங்கேதான் தொடங்க வேண்டும். இவ்வுண்மையை மிகத் துயரமாக உணர்த்துவது, ஆரஞ்சுப் புள்ளி மரகதத் தும்பி என்று சொல்லத்தக்க ஐரோப்பியத் தட்டானின் வரலாறு.

கரும்பச்சை உலோக மினுக்கமும் முதுகின் நடுவே வரிசையாய் மஞ்சள் கலந்த ஆரஞ்சுப் புள்ளிகளும் கொண்ட இப்பூச்சியை அறிவியலார் ஆக்சிகாஸ்ட்ரா கர்ட்டிசி என்பர். அப்பேரினத்தில் இன்று வாழும் இனம் இது ஒன்றே என்பதால், இது அழிந்தால் ஒரு குடும்பக் கிளை முழுவதுமே பட்டுப்போகும். இங்கிலாந்தின் தெற்கே, போர்ன்மவுத் நகரத்தை அடுத்த பகுதியில் 1820-இல் இதைக் கண்டெடுத்த பூச்சியியலார் ஜேம்ஸ் சார்ல்ஸ் டேல், 1834-இல் அறிவியல் உலகுக்கு விவரித்து, சக ஆய்வாளர் ஜான் கர்ட்டிசின் பெயரை அதற்குச் சூட்டினார். அப்பகுதியின் மூர்ஸ் ஆறே பிரிட்டனில் அதன் முதன்மையான உறைவிடமாக விளங்கியது.

இதன் இளவுயிரி, அதாவது முட்டையிலிருந்து வெளிப்பட்டுச் சிறகு முளைக்கும் வரை நீரில் வாழும் பருவம், ஆல்டர் போன்ற கரையோர மரங்கள் நீருக்குள் இறக்கிய வேர்க்கற்றைகளிலும், அவற்றின் இடையே படியும் வண்டலிலும் இலைச்சருகிலும் பதுங்கி, மடித்து வைத்த கீழுதட்டைச் சட்டென நீட்டி இரை பிடித்து, இரண்டு மூன்று ஆண்டுகள் வளர்கிறது. பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வேரின் மீதும் அடிமரத்தின் மீதும் ஏறி, பாம்பு சட்டை உரிப்பதுபோல் தோலை உரித்துவிட்டுப் பறக்கிறது. அவ்வாறு விட்டுச்சென்ற வெற்றுத் தோல்களே, அந்த இடத்தில் இனம் பெருகுகிறது என்பதற்கு உறுதியான சான்று. பறந்து திரியும் தும்பியோ வேறிடத்திலிருந்து வந்த வழிப்போக்கனாகவும் இருக்கலாம்.

இங்கே அவையோர் சற்று நின்று எண்ண வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குளிர்காலத்தில் இவ்வினத்தின் ஒரு தும்பிகூட வானில் இருப்பதில்லை. இவ்வாண்டின் குஞ்சும் சென்ற ஆண்டின் குஞ்சும் அதற்கு முந்தையதும் ஒரே ஆற்றின் ஒரே வேர்களில் ஒருங்கே தங்கியிருக்கும். கழிவுநீர் கலந்தால், அதிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தின்றுதீர்க்கின்றன. மலக்குடலின் உட்சுவரிலுள்ள செவுள்களால் மூச்சுவிடும் இளவுயிரிகள் மூச்சுமுட்டி மடிகின்றன. ஒரு பருவத்து மாசு பல தலைமுறைகளைச் சேர்த்தே வீழ்த்துவது இவ்வாறுதான். மூர்ஸ் ஆற்றில் இத்தும்பி மறைந்ததற்கு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வந்த மாசே முதன்மைக் காரணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கரை மரங்கள் அடர்ந்து நிழல் கவிந்ததும் சேர்ந்திருக்கலாம். 1963-க்குப் பின் அங்கு அத்தும்பி காணப்படவில்லை.

ஐரோப்பிய நாடுகள் இவ்வினத்துக்கும் அதன் வாழிடத்துக்கும் காப்பளிக்கும் வாழிட ஆணையை இயற்றியது 1992-இல், அதாவது 29 ஆண்டுகள் கழித்து. பிரான்சிலும் ஐபீரியத் தீபகற்பத்திலும் இன்னும் வாழும் கூட்டங்களுக்கு அவ்வாணை அரணாக நிற்கிறது. மூர்ஸ் ஆற்றுக்கோ அது காலம் கடந்து வந்த மருந்து. 1953-இன் கடல் வெள்ளத்தில் பிரிட்டனில் மறைந்த ஓர் ஊசித்தட்டான் இனம், 2010-இல் கென்ட் கடற்கரைப் பகுதியில் மீண்டும் காணப்பட்டது உண்மையே. ஆயினும் குட்டைகளில் பெருகும் அவ்வினத்தின் மீட்சியைக் கண்டு ஆற்றுத் தும்பியும் தானே திரும்பும் என்று காத்திருப்பது பிழை. மெல்ல நகரும் தூயநீரும் வேர் படர்ந்த கரையும் முதலில் இருந்தாக வேண்டும்.

கரையைச் சீராக்க வரும் பொறியாளரும், ஆற்றைத் தூய்மை செய்யப் புறப்படும் தன்னார்வலரும், நீரில் மூழ்கிய ஒரு வேரை வெட்டுமுன், கைவலையை அதன் இடுக்கில் விட்டு ஒருமுறை அலசிப் பார்த்து, உயிர் இருந்தால் அவ்வேரை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று இந்த மேடை வேண்டுகிறது.