படிக்கட்டு விளக்குக்கு ஒரு பொத்தான்: 555 சில்லில் டைமர் செய்வது எப்படி?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் எலெக்ட்ரானிக்ஸ் பற்றி என்ன பேசப்போகிறார் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நான் படித்தது பி.காம். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் ஓய்வுக்குப் பிறகு பழகியவை. அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்: பற்று வரவு தெரிந்தவர் யாராக இருந்தாலும் இந்த சர்க்யூட் புரியும்.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். நம் படிக்கட்டு விளக்கு விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று "அணைக்கும் கட்சி". ஆள் இல்லாத இடத்தில் விளக்கு எதற்கு என்று போகிற போக்கில் ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போவார்கள். இன்னொன்று "எரியட்டும் கட்சி". இரவு இருட்டில் படியேறியவர்கள் எல்லோரும் இந்தக் கட்சி. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நான்கு தளத்தில் தளத்துக்கு ஒன்றாக 9 வாட் எல்.இ.டி. பல்பு நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை எரிந்தால் ஒரு நாளைக்கு 432 வாட் மணி. இரண்டு மாத பில்லுக்கு, அதாவது 60 நாளைக்கு, கிட்டத்தட்ட 26 யூனிட். ஆள் வரும்போது மட்டும் எரிந்து, ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு மணி நேரம் என்று வந்தால், அதே 60 நாளில் இரண்டு யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். மிச்சம் சுமார் 24 யூனிட். இதைக் கொண்டு சங்கம் பணக்காரச் சங்கம் ஆகிவிடாது. ஆனால் இந்த 24 யூனிட்டுக்காக யாரோ ஒருவர் அணைத்துவிட்டுப் போன படியில் எழுபது வயதுக்காரர் கால் தவறினால், அந்தச் செலவை எந்தப் பேரேட்டில் எழுதுவது? எனக்கு டைமரின் முதல் பயன் சிக்கனம் அல்ல. ஸ்விட்ச் என்ற பொருளையே இரண்டு கட்சியின் கையிலிருந்தும் எடுத்துவிடுவதுதான். பொத்தானை அழுத்தினால் எரியும், நேரம் ஆனதும் தானே அணையும். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

இந்த வேலையைச் செய்ய 555 என்று ஒரு சில்லு இருக்கிறது. எட்டுக் கால் கொண்ட சின்னக் கறுப்புப் பூச்சி மாதிரி இருக்கும். ரிச்சி தெருவில் ஒரு காபி விலைகூட ஆகாது. ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் கமென்சிண்ட் என்ற பொறியாளர் 1971-இல் அமெரிக்காவில் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக இதை வடிவமைத்தார். 1972-இல் விற்பனைக்கு வந்தது. ஐம்பது ஆண்டு தாண்டியும் இன்னும் கடையில் கிடைக்கிறது. உள்ளே 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூன்று இருப்பதால்தான் 555 என்று பெயர் வந்தது என்று பலர் சொல்வார்கள். அந்த எண் சும்மா வைத்ததுதான் என்று வடிவமைத்தவரே சொல்லியிருக்கிறார்.

அந்த மூன்று ரெசிஸ்டர் செய்யும் வேலை முக்கியமானது. கொடுக்கும் மின்னழுத்தத்தை அவை மூன்று சம பங்காகப் பிரிக்கின்றன. 12 வோல்ட் கொடுத்தால் 4, 8 என்று உள்ளே இரண்டு கோடு விழும். இரண்டாம் கால் 4 வோல்ட்டுக்குக் கீழே போனால் "ஆரம்பி" என்று பொருள். ஆறாம் கால் 8 வோல்ட்டைத் தொட்டால் "நிறுத்து" என்று பொருள். நடுவில் எவ்வளவு நேரம் என்பதை வெளியே நாம் வைக்கும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் தீர்மானிக்கும். ரெசிஸ்டர் வழியாக கெப்பாசிட்டர் மெல்ல நிரம்புகிறது. 8 வோல்ட் வந்ததும் சில்லு அதைக் காலி செய்து விளக்கையும் அணைக்கிறது.

இங்கேதான் என் பி.காம். உதவிக்கு வந்தது. கெப்பாசிட்டர் ஒரே வேகத்தில் நிரம்புவதில்லை. நிரம்ப நிரம்ப மெதுவாகும். தேய்மானத்தில் இரண்டு முறை படித்திருப்போம். நேர்கோட்டு முறையில் வருடா வருடம் ஒரே தொகை கழியும். குறைந்து செல் மதிப்பு முறையில் மீதி இருப்பதில் ஒரே சதவீதம் கழியும். கெப்பாசிட்டருக்கும் 12 வோல்ட்டுக்கும் உள்ள இடைவெளி இந்த இரண்டாவது முறைப்படிதான் குறைகிறது. 12 வோல்ட்டாக இருந்த இடைவெளி மூன்றில் ஒரு பங்காக, அதாவது 4 வோல்ட்டாக, குறையும்போது கெப்பாசிட்டரில் 8 வோல்ட் இருக்கும். நேரம் முடிந்தது.

இதில் ஒரு நல்ல விளைவு உண்டு. குறைந்து செல் முறையில் ஒரே சதவீதம் என்றால், 12 லட்சம் இயந்திரமானாலும் 9 லட்சம் இயந்திரமானாலும் மூன்றில் ஒரு பங்காக ஆவதற்கு ஒரே காலம்தான். அதேபோல அடாப்டர் 12 வோல்ட் கொடுத்தாலும் 9 வோல்ட் கொடுத்தாலும் நம் டைமரின் நேரம் கிட்டத்தட்ட மாறாது. கமென்சிண்ட் முதலில் போட்ட வடிவம் நேர்கோட்டு முறை போல ஒரே சீராக நிரப்புவது. அதற்கு ஒன்பது கால் தேவைப்பட்டது. பிறகு சாதாரண ரெசிஸ்டரே போதும் என்று மாற்றினார். ஒரு கால் குறைந்தது, எட்டுக் கால் சில்லு ஆயிற்று.

வாய்ப்பாடு ஒன்றுதான். மெகா ஓமையும் மைக்ரோ ஃபாரடையும் பெருக்கி, அதை 1.1 ஆல் பெருக்கினால் வினாடி வரும். 0.47 மெகா ஓம், 220 மைக்ரோ ஃபாரட் என்றால் சுமார் 114 வினாடி. இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

வாங்க வேண்டியவை: 555 சில்லு ஒன்று, பிரெட்போர்டு ஒன்று, 220 மைக்ரோ ஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர், 0.1 மற்றும் 0.01 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒவ்வொன்று, 10 கிலோ ஓம், 100 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 1 மெகா ஓம் பிரீசெட் ஒன்று, எல்.இ.டி. ஒன்று, அழுத்தினால் சேர்ந்து விட்டால் பிரியும் புஷ் பட்டன் ஒன்று, கொஞ்சம் ஒயர். பழகும்போது 9 வோல்ட் பேட்டரி போதும்.

சில்லில் ஒரு ஓரத்தில் அரைவட்டப் பள்ளம் இருக்கும். அது உங்கள் இடது கைப் பக்கம் வரும்படி வையுங்கள். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 1, 2, 3, 4. மேல் வரிசையில் வலமிருந்து இடமாக 5, 6, 7, 8. இனி இணைப்புகள்:

1. முதல் கால் மைனஸுக்கு. நான்காம் காலும் எட்டாம் காலும் பிளஸ்ஸுக்கு.

2. இரண்டாம் காலிலிருந்து 10 கிலோ ஓம் வழியாகப் பிளஸ்ஸுக்கு. அதே இரண்டாம் காலுக்கும் மைனஸுக்கும் நடுவே பட்டன்.

3. ஆறாம் காலையும் ஏழாம் காலையும் ஒரு ஒயரால் சேர்த்துவிடுங்கள். அந்தச் சந்திப்பிலிருந்து 100 கிலோ ஓமும் பிரீசெட்டும் வரிசையாகப் பிளஸ்ஸுக்கு. அதே சந்திப்பில் 220 மைக்ரோ ஃபாரடின் பிளஸ் கால், அதன் மைனஸ் கால் மைனஸுக்கு. உடம்பில் பட்டை போட்ட பக்கம்தான் மைனஸ்.

4. ஐந்தாம் காலிலிருந்து 0.01 மைக்ரோ ஃபாரட் வழியாக மைனஸுக்கு. 0.1 மைக்ரோ ஃபாரடை எட்டாம் காலுக்கும் முதல் காலுக்கும் நடுவே, சில்லுக்குப் பக்கத்திலேயே.

5. மூன்றாம் காலிலிருந்து 1 கிலோ ஓம், பிறகு எல்.இ.டி., பிறகு மைனஸ். எல்.இ.டி.யின் நீளமான கால் ரெசிஸ்டர் பக்கம்.

ஒவ்வொரு இணைப்பையும் போட்டதும் காகிதத்தில் ஒரு டிக் போடுங்கள். நாங்கள் தினமும் மாலை வவுச்சரைச் சரிபார்த்தது இப்படித்தான். பேட்டரியை மாட்டுவது கடைசியில்.

பட்டனை அழுத்துங்கள். எல்.இ.டி. எரிய வேண்டும், கொஞ்ச நேரத்தில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் எல்.இ.டி.யைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அணையவே இல்லையென்றால் ஆறு, ஏழு சேரும் ஒயரையும், கெப்பாசிட்டரின் பிளஸ் மைனஸையும் பாருங்கள். பட்டனைத் தொடாமலே, கை பக்கத்தில் போனாலே எரிகிறதா? 10 கிலோ ஓம் சரியாகப் பதியவில்லை.

பிரீசெட்டைத் திருகினால் நேரம் சுமார் 24 வினாடி முதல் நாலரை நிமிடம் வரை மாறும். வாய்ப்பாட்டில் வந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 220 என்று எழுதிய கெப்பாசிட்டர் இருபது சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அளந்து வையுங்கள்.

எவ்வளவு நேரம் வைப்பது? இந்தப் பேச்சில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். கணக்குத் தெரிந்தவர்கள் உடனே சராசரி எடுப்பார்கள். இங்கே சராசரி உதவாது. பள்ளிப் பிள்ளை அரை நிமிடத்தில் ஓடிவிடுவான். கைத்தடி ஊன்றி, ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சு வாங்கி ஏறுபவருக்கு மூன்று நிமிடம் ஆகும். அவர் நடுப்படியில் நிற்கும்போது விளக்கு அணைந்தால், டைமர் இல்லாததே நல்லது என்று ஆகிவிடும். கட்டடத்திலேயே மெதுவாக ஏறுபவர் யாரோ அவரோடு ஒருமுறை கூடவே ஏறிப் பாருங்கள். அந்த நேரத்தோடு இன்னும் அரை நிமிடம் சேர்த்து வையுங்கள். கூடுதலாக எரிவதால் ஆகும் செலவு ஒன்றுமே இல்லை என்று முன்பு போட்ட கணக்கே சொல்லும். அதோடு ஒவ்வொரு திருப்பத்திலும் அரை வாட் விடிவிளக்கு ஒன்று இரவு முழுவதும் எரியட்டும். டைமர் அணைந்தாலும் படியின் விளிம்பு தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தச் சாதாரண சர்க்யூட்டில் விளக்கு எரியும்போது மறுபடி அழுத்தினால் நேரம் நீளாது. அணைந்த பிறகு அழுத்தினால்தான் புதுக் கணக்கு. நடுவிலும் நீள வேண்டும் என்றால் இரட்டைத் தொடர்பு உள்ள பட்டன் வாங்குங்கள். ஒரு தொடர்பு வழக்கம்போல இரண்டாம் காலுக்கு. மற்றது 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக 220 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரைக் காலி செய்யட்டும். அழுத்தி விட்ட நொடியிலிருந்து முழு நேரம் மறுபடி கிடைக்கும். தளத்துக்கு ஒன்றாக எத்தனை பட்டன் வேண்டுமானாலும் பக்கவாட்டில் சேர்க்கலாம். யாராவது பட்டன் மேல் டேப் ஒட்டிவிட்டால் விளக்கு அணையாது, அவ்வளவுதான்.

மேசை மேல் எல்.இ.டி. எரிந்தது. படிக்கட்டில் 230 வோல்ட் பல்பை எரிக்க வேண்டுமே? அதற்கு நடுவே 12 வோல்ட் ரிலே ஒன்று வரும். மூன்றாம் காலிலிருந்து 4.7 கிலோ ஓம் வழியாக பிசி 547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. எமிட்டர் மைனஸுக்கு. கலெக்டர் ரிலே சுருளின் ஒரு முனைக்கு, மறுமுனை பிளஸ்ஸுக்கு. சுருளின் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்று, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். ரிலே விடும்போது சுருள் திருப்பி உதைக்கும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடாமல் இந்த டயோடு காக்கும். பேட்டரிக்குப் பதில் இங்கே தரமான 12 வோல்ட் அடாப்டர் வேண்டும்.

இதுவரைக்கும்தான் நம் வேலை. ரிலேயின் அந்தப் பக்கம், 230 வோல்ட் ஓடும் பக்கம், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனின் வேலை. நீங்களும் தொடக்கூடாது, நானும் தொடமாட்டேன். 12 வோல்ட் பட்டன் ஒயரும் 230 வோல்ட் ஒயரும் ஒரே குழாயில் போகக்கூடாது. பெட்டிக்கு மூடி, ஃபியூஸ் இரண்டும் கட்டாயம்.

கடையில் ரெடிமேட் படிக்கட்டு டைமர் கிடைக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். வாங்கலாம், தவறே இல்லை. நாமே செய்ததில் கோளாறு வந்தால் எந்தக் காலில் என்று நமக்குத் தெரியும். ஒரு சில்லைப் பிடுங்கி வேறு சில்லு சொருகினால் முடிந்தது. நம் பிள்ளைகளும் தினம் ஏறும் படிக்கட்டில் தாங்கள் செய்த ஒன்று வேலை செய்வதைப் பார்ப்பார்கள்.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். முதலில் ஒரே ஒரு படிக்கட்டில் மட்டும் வைத்துப் பார்ப்போம். தொடங்கும் நாளில் பொது மீட்டரின் ரீடிங்கை அறிவிப்புப் பலகையில் எழுதுவோம், இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுதுவோம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள்: "இருட்டில் ஏற நேர்ந்ததா? தேதி, நேரம்" என்று. அந்தப் பத்தி இரண்டு மாதமும் காலியாக இருந்தால் மற்ற படிக்கட்டுகளுக்கும் வைக்கலாம். ஒரு வரி எழுதப்பட்டாலும் அன்றே பிரீசெட்டைத் திருகி நேரத்தைக் கூட்ட வேண்டும்.

பிரெட்போர்டும் சில்லும் என் வீட்டில் இருக்கின்றன. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை அனுப்புங்கள், நீங்களும் வாருங்கள்.