வழித்துணைக்கு ஒரு சொல்



மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசப் புகுவோர் பெருங் காவியங்களையும் நாடகங்களையும் எடுத்துக்கொள்வதே வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது அவ்வளவு பெரிய விடயம் அன்று. ஒரு பாடசாலை நற்சான்றிதழில் உள்ள ஒரேயொரு வாக்கியம். ஆங்கிலத்தில் அமைந்த அந்த வாக்கியத்தை டெனிஷ் மொழியில் பெயர்க்க முயன்ற கதையையே சொல்லப்போகிறேன்.

டெனிஷ் மொழிக்கும் உமக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். என் மூத்த அக்கா குடும்பம் எண்பதுகளின் நடுப்பகுதியில் டென்மார்க் போய்ச் சேர்ந்தது. 1983க்குப் பின் அந்நாட்டை அடைந்த நம்மவர்களுட் பெரும்பாலானோர் யூலன்ட் தீபகற்பத்தின் சிறு நகரங்களிலே குடியமர்ந்தனர். அக்காவும் அப்படியே. அவருடைய மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் அவளுக்கு வீட்டு மொழி. டெனிஷ் பள்ளியும் தெருவும் தந்த மொழி. ஆங்கிலம் படித்துப் பெற்ற மொழி. எனக்குத் தெரிந்த டெனிஷ் எல்லாம் அவள் தொலைபேசியிற் சொல்லித் தந்ததும் அகராதியைப் புரட்டிக் கற்றதுமே. எழுத்தைப் பார்த்து உச்சரிக்கப் போனால் அவள் சிரிப்பாள். அந்த மொழியில் எழுதுவதொன்று, வாயில் வருவது வேறொன்று.

என்னிடம் வகுப்பில் இருந்த மாணவன் ஒருவன், உயர்தரம் முடித்தபின், டென்மார்க்கிலுள்ள ஒரு 'ஹொய்ஸ்கோல'வுக்கு விண்ணப்பிக்க விரும்பினான். சொல்லுக்குச் சொல் பார்த்தால் உயர்பள்ளி என்று வரும். ஆனால் அது நாம் நினைக்கும் உயர்பள்ளி அன்று. மதகுருவும் கவிஞருமான குருண்ட்விக் (1783–1872) என்பவரின் சிந்தனையில் முளைத்தது. முதலாவது பள்ளி 1844ஆம் ஆண்டு ரொத்திங் என்ற ஊரில் திறக்கப்பட்டது. வளர்ந்தவர்கள் சில மாதங்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சமைத்து உண்டு, பாடி, படித்துவிட்டுப் போவார்கள். பரீட்சை கிடையாது. புள்ளி கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்குத் தேவைப்படும்.

விண்ணப்பத்துடன் எங்கள் நற்சான்றிதழையும் டெனிஷில் பெயர்த்து இணைக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். சான்றிதழின் படிவம் என் முன்னோர் காலத்தது. வகுப்பாசிரியன் என்ற முறையில் பெயரையும் ஆண்டையும் நிரப்பி அதிபரின் கையொப்பத்துக்கு அனுப்புவது என் வேலை. அதிலுள்ள ஆங்கில வாக்கியத்தின் கருத்து இவ்வளவுதான்: இவர் நல்ல 'கரக்டர்' உடையவர், தம் 'ஃபெலோ' மாணவர்களுக்கு இனிய 'கம்பானிய'னாக விளங்கினார். எத்தனை நூறு பிள்ளைகளுக்கு இதை நிரப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மருமகளுக்கு அனுப்பிவைத்தேன். மறுநாளே அழைப்பு வந்தது.

"மாமா, இதை இப்பிடியே எழுதினால், பெடியனுக்கு எந்தப் பாடத்திலை நல்ல புள்ளி எண்டு கேப்பினம்."

விடயம் இதுதான். 'கரக்டர்' என்பதற்கு நேரான சொல் டெனிஷிலும் உண்டு: 'கராக்டேர்'. இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லின் பிள்ளைகள்; பொறித்த அடையாளம், முத்திரை என்பது அதன் பழம்பொருள். மன உறுதியைக் குறிக்கவும் அச்சொல் அங்கே வழங்குகிறதுதான். ஆனால் டெனிஷ்காரர் அந்த முத்திரையை மாணவனின் தேர்ச்சி அறிக்கையிலும் குத்திவிட்டார்கள். 'ஒரு நல்ல கராக்டேர்' என்றதும் அங்கே எவரும் நினைப்பது பரீட்சைப் புள்ளியையே. அதிஉயர் புள்ளி 12. அதிதாழ்ந்தது மறை மூன்று. (சுழியத்தோடு நிறுத்திக்கொள்ளும் நாங்கள் எவ்வளவோ கருணையுள்ளவர்கள்!) ஆக, புள்ளியே வழங்காத ஒரு பள்ளிக்கு, இவன் நல்ல புள்ளி உடையவன் என்று நாம் சான்றிதழ் அனுப்பியிருப்போம்.

ஆங்கிலம் அந்த ஒற்றைச் சொல்லில் எத்தனையைச் சுமக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாடகத்தில் வருபவரும் ஆங்கிலத்தில் கரக்டர்தான். டெனிஷில் வழிவழியாக அவர் 'பெர்சோன்', ஆள். அச்செழுத்து ஆங்கிலத்தில் கரக்டர். டெனிஷில் அதற்கு அடையாளம் என்று பொருள்படும் வேறொரு சொல். ஊரில் ஒரு விசித்திரமான மனிதரைப் பார்த்து, அவர் ஒரு கரக்டர் என்று ஆங்கிலேயர் சொன்னால், டெனிஷ்காரர் அவரை 'ஒரிகினால்' என்பார்கள், மூலப்பிரதி! நகல் இல்லாத மனிதர் என்பது எவ்வளவு அழகு. நாமும் சும்மா இல்லை. நாடகத்தில் வருபவரையும் சோறு வடிக்கும் கலத்தையும் பாத்திரம் என்றே அழைத்துக்கொண்டு குழப்பமின்றி வாழ்கிறோம்.

குணத்தைச் சொல்லும் சொற்களில் வேறு பொறிகளும் உண்டு. 'ஜீனியல்' என்று ஆங்கிலத்தில் கலகலப்பானவரைச் சொல்வர். அதே எழுத்துக்களை டெனிஷில் எழுதினால் அவர் மேதையாகிவிடுவார். 'ஃபிளிங்க்' என்பது டெனிஷில் நல்ல மனிதர். பக்கத்து நோர்வேயில் அதே சொல் கெட்டிக்காரர். இரக்கமுள்ளவர், சிநேகபாவமுள்ளவர் என்று ஆங்கிலம் இரு சொற்களாற் பிரிப்பதை, டெனிஷ் பெரும்பாலும் 'வென்லி' என்ற ஒன்றிலே அடக்கிவிடும். 'வென்' என்றால் நண்பன். இரக்கம் என்பதே நண்பனைப்போல இருத்தல் என்று அந்த மொழி எண்ணுகிறது போலும்.

இனி 'கம்பானியன்' என்ற சொல்லுக்கு வருவோம். இங்கேதான் நாங்கள் இரண்டு கிழமை மல்லுக்கட்டினோம்.

இலத்தீனில் அது அப்பத்தைப் பகிர்ந்து உண்பவன். டெனிஷில் அதற்கு ஒரு சொல் இல்லை; ஒரு கூட்டமே இருக்கிறது. 'லேத்சேயர்' என்றொன்று: உடன் செல்பவர். பொருத்தம் என்றுதான் நினைத்தேன். மருமகள் மறுத்துவிட்டாள். அங்கே வலுவிழந்தோர் வெளியே போய்வருவதற்குத் துணையாக உள்ளூராட்சி மன்றம் மாதம் 15 மணித்தியாலம் ஆள் தரும் ஒரு திட்டம் உண்டாம். அந்தத் துணையாளின் பெயரும் இதுவே. "சம்பளத்துக்குப் போனவன் மாதிரி இருக்கும் மாமா" என்றாள். 'செல்ஸ்கேப்' என்று இன்னொன்று: கூட இருத்தலையும், விருந்தையும், வியாபாரக் கம்பனியையும் அதுவே குறிக்கும். இனிய செல்ஸ்கேப் என்று எழுதினால், விருந்து மேசையிற் சுவையாகப் பேசுகிறவன் என்றாகும். எங்கள் பையனோ மேசையில் வாய் திறவாதவன்.

வெறுமனே நண்பன் என்று போடலாமே என்றேன். ஆங்கில 'ஃபிரெண்ட்' நீர் மாதிரி. எந்தக் கலத்திலும் நிற்கும். டெனிஷில் உடனே கேள்வி எழும்: ஆணா, பெண்ணா, நட்பா, காதலா? 'வென்' ஒன்று, தோழிக்கு 'வெனின்ன' ஒன்று. காதலன் காதலி இருவருக்கும் பொதுவாக 'கெரஸ்த'. மிக அன்பானவர் என்பது அதன் நேர்ப்பொருள். பழகியவர் எல்லாரையும் 'வென்' என்று அவர்கள் இலகுவில் அழைப்பதுமில்லை. நட்பை ஆராய்ந்து கொள்ளவேண்டும் என்பதற்கே தனியதிகாரம் வைத்த வள்ளுவர் அந்த நாட்டில் நன்றாகவே பிழைத்திருப்பார்.

'ஃபெலோ' என்ற சொல்லோ ஒரு வேடிக்கை. அது ஆங்கிலமே அன்று. வைக்கிங்குகள் இங்கிலாந்திற் குடியேறிய காலத்தில் அவர்களுடைய பழைய நோர்டிக் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பொருளை ஒன்றாக இட்டுக் கூட்டுச் சேர்ந்தவன் என்பது அதன் மூலப்பொருள். யாழ்ப்பாணத்தில் நண்பனைக் கூட்டாளி என்கிறோமே, ஏறத்தாழ அதுதான். டெனிஷில் அதன் வாரிசு 'ஃபெல்ல' இப்பொழுது பெரும்பாலும் கூட்டுச் சொற்களிலேதான் உயிரோடிருக்கிறது: வாழ்க்கைத் துணையைக் குறிக்கும் சொல்லில், துன்பத்திற் பங்காளியைக் குறிக்கும் சொல்லில். ஹொய்ஸ்கோலக்காரர் தம் கூட்டுவாழ்வைச் சொல்லும்போது உச்சரிக்கும் 'ஃபெல்லெஸ்கேப்' என்பதும் அந்த வேரிலிருந்து வந்ததே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்த சொல், எங்கள் அலுவலகத் தட்டச்சுத் தாளில் ஏறி வீடு திரும்பியபோது, வீட்டில் அதற்குத் தனி அறை இல்லாமற் போயிற்று.

கடைசியில் மருமகள் பரிந்துரைத்தது 'கம்மராத்'. அறையைக் குறிக்கும் சொல்லின் வழி வந்தது. ஓர் அறையிற் தங்கியவன். எனக்குத் தயக்கமாக இருந்தது. நம் நாட்டில் தோழர் என்ற சொல் எத்தனை நிறங்களில் தோய்ந்து வந்திருக்கிறது! அங்கேயும் இடதுசாரிகள் அதைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் விளையாட்டுத் துணை, வகுப்புத் துணை எல்லாமே அந்தச் சொல்லோடு ஒட்டித்தான் வரும் என்றும், நல்ல கம்மராத்தாக இரு என்பதைப் பிள்ளைகள் சிறு வயதிலேயே கேட்டு வளர்வார்கள் என்றும் அவள் விளக்கினாள். நானும் ஒரு சான்று தேடினேன். ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன் 1835இல் வெளியிட்ட கதையொன்று. கடனை அடைக்காமற் செத்தவனின் உடலை இருவர் அவமதிக்கப்போக, ஏழை இளைஞன் தன் கையிலிருந்த பணம் முழுவதையும் கொடுத்து அதைத் தடுக்கிறான். பின்னர் வழியில் ஒருவன் அவனோடு சேர்ந்து நடந்து ஆபத்துகளிற் காக்கிறான். அவன்தான் அந்தச் செத்தவன் என்பது முடிவில் தெரியவருகிறது. ஆங்கிலத்தில் அக்கதையின் பெயர் பயணக் கம்பானியன். டெனிஷ் மூலத்தில் பயணக் கம்மராத்.

அன்டர்சன் வாழ்வில் இதற்கு மறுபக்கமும் உண்டு. டெனிஷில் நீ என்பதற்கு 'டு', நீங்கள் என்பதற்கு 'டி'. தம்மை ஆதரித்த குடும்பத்தின் மகனான எட்வர்ட் கொலினுக்கு 1831இல் எழுதிய கடிதமொன்றில், இனி நாம் 'டு' சொல்லிக்கொள்வோமா என்று அன்டர்சன் கேட்டார். கொலின் மறுத்துவிட்டார். அந்த வடு ஆறவில்லை. 1847இல் வந்த 'நிழல்' என்ற கதையில், ஓர் அறிஞரிடம் அவருடைய நிழலே சொல்கிறது: நீர் என்னை 'டு' என அழைக்க விடமாட்டேன், நான் வேண்டுமானால் உம்மை அப்படி அழைக்கிறேன் என்ற கருத்தில். ஆங்கிலத்தில் இதைப் பெயர்ப்பவர் கையில் ஒற்றை 'யூ' மட்டுமே. நமக்கோ நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள். இந்த ஒரு கதைக்காவது தமிழ் ஆங்கிலத்தை விட வாய்ப்பான மொழி என்பேன். 1970கள் தொடக்கம் டெனிஷ்காரர் மரியாதைச் சொல்லைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். பிள்ளைகள் ஆசிரியரைப் பெயர் சொல்லி 'டு' போட்டே கூப்பிடுவார்களாம். கேட்டபோது என் காது கூசியதை ஒப்புக்கொள்கிறேன்.

சரி, கம்மராத் கிடைத்தது. கராக்டேர் மட்டும் நின்றது. மருமகள் கேட்டாள்: "மாமா, இங்கை நல்ல குணம் எண்டு சும்மா எழுதமாட்டினம். என்ன செய்தவன் எண்டு எழுதுவினம். அவன் என்ன செய்தவன்?"

பதில் எனக்குத் தெரிந்திருந்தது. வகுப்பில் காலில் வலுக்குறைந்த ஒரு மாணவன் இருந்தான். இவன் இரண்டு ஆண்டுகளாக அவனைத் தன் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு வந்தான். மாலை வகுப்பு முடியும்வரை காத்திருந்து ஏற்றிக்கொண்டு போனான். யாரும் சொல்லிச் செய்ததல்ல. வாசலில் நின்று தினமும் பார்த்தவன் நான். சான்றிதழில் ஒரு சொல்லும் எழுதவில்லை.

"அதையே எழுதிவிடு பிள்ளை" என்றேன். "மூலத்திலை இல்லாததை நான் எப்பிடி மாமா எழுதுறது?" என்றாள். மொழிபெயர்ப்பின் முதல் விதியை மருமகளிடம் படித்தேன்.

தனிக் கடிதம் எழுதத் தீர்மானித்துப் பையனை அழைத்துச் சொன்னேன். அவன் முகம் மாறியது. "வேண்டாம் சேர். அவன் பாத்தால் என்ன நினைப்பான்? ஒரே பாதை. வழியிலை அவன் எனக்குக் கணக்கீடு சொல்லித் தாறவன். அவன் இல்லாட்டி நான் பாஸ் இல்லை." நான் வாசலில் நின்று பார்த்தது பாதிதான்.

இதை மருமகளிடம் சொன்னபோது அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அப்படியென்றால் கம்மராத் கூட வேண்டாம், 'ஃபொல்யஸ் ஆத்' என்று எழுதலாம் என்றாள். அது பெயர்ச்சொல் அன்று, வினை. இருவர் ஒருவரோடொருவர் சேர்ந்து போதல். யார் யாருக்குத் துணை என்று அந்த வினையில் இல்லை. அவர்கள் இரண்டு ஆண்டுகள் சேர்ந்து பள்ளிக்குப் போனார்கள், ஒருவன் மிதித்தான், மற்றவன் கணக்கீடு சொல்லிக்கொடுத்தான் என்று தமிழில் எழுதி, இருவருக்கும் வாசித்துக் காட்டி, கையொப்பமிட்டு அனுப்பினேன்.

பழைய படிவத்தில் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு நான்கு வரி வெற்றிடம் விடலாமா என்று அதிபரிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அன்றிரவு உயர்தர வகுப்பின் இடாப்பைத் திறந்து, யாரைப்பற்றி என்னால் நான்கு வரி எழுத முடியும் என்று பெயர் பெயராகப் பார்த்தேன். நாற்பத்திரண்டு பெயர்கள். பதினொன்றுக்கு மேல் என்னால் அடையாளமிட முடியவில்லை.